எட்டாம் நாளுக்கு நண்டு

பரஞ்சோதியின் எட்டாம் நாள் படையலுக்கு நண்டுக் கொடுக்கு வேண்டும் என்று அவன் அக்கா நவமணி சொன்னபோது யோகேஸ்வரி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குவியலில் கணவனின் வேலைச் சட்டைகள் இரண்டு இருந்தன. மடித்து எங்கே வைப்பது என்று தெரியாமல் அவற்றை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"கோழியும் ஆட்டெறச்சியும் எல்லா வீட்டுலயும்தான் வைப்பாங்க," என்றாள் நவமணி. "எந்தம்பிக்கு நண்டு இல்லாம படையலா? பண்டார் பாரு பசாருக்குப் போயி நானே பொறுக்கி எடுத்துட்டு வரேன். ஒம்மவ காஞ்சனா காடியில கூட்டிட்டுப் போவட்டும்."

"அவ்ளோ தூரம் போவணுமா அண்ணி? கூலிம்லயே கெடைக்கும்."

"இங்க கெடைக்கிறது ஐஸ்ல கெடந்த நண்டு. அத அவன் தொட மாட்டான்."

யோகேஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள். பரஞ்சோதி எந்த நண்டையும் வாயில் வைத்து எட்டு வருஷமாகிறது. அந்த வீட்டில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பரஞ்சோதிக்கு ஐம்பத்திரண்டு வயது. பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு போய் எண்ணெய் ஆலையில் இறக்கும் லோரி ஓட்டினான். போன திங்கட்கிழமை காலை பத்து மணிவாக்கில் ஆலை வாசலில் லோரிகள் வரிசையாக நின்றிருந்தன. முன்னால் நின்ற லோரி நகர்ந்தது. அவனுடையது நகரவில்லை. பின்னால் இருந்தவர் மூன்று தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, ஏதோ திட்டிக்கொண்டே இறங்கி வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே அவன் உட்கார்ந்திருந்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் இதயத்தில் அடைப்பு என்றார்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அடைத்திருந்ததாம்.

கரங்கானில் தாமான் குடியிருப்பில் அவர்கள் வீடு. மூன்று அறைகள். பின்னறை பதினோரு வருஷமாக நவமணியுடையது. அவள் புருஷன் பண்டார் பாருவில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்தவர். சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்த அன்று பரஞ்சோதிதான் லோரியோடு போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒரு அலமாரி, ஒரு தையல் இயந்திரம், ஒரு இடிகல். அவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது.

வந்த புதிதில் நவமணி யாரோடும் உட்கார்ந்து சாப்பிடமாட்டாள். எல்லாரும் எழுந்த பிறகு, அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, சட்டியில் மிச்சம் இருப்பதை வழித்துச் சாப்பிடுவாள். மீன் குழம்பு என்றால் வால் துண்டு. கோழி என்றால் கழுத்து. "நல்ல துண்டா எடுத்துக்குங்க அண்ணி" என்று யோகேஸ்வரி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "சும்மா ஒக்காந்து சாப்புடுறவளுக்கு இது போதும்மா" என்பாள். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது மாறவில்லை. ஆறே மாதத்தில் கழுத்தெலும்பு தெரிய இளைத்துப் போனாள்.

ஒரு சனிக்கிழமை பரஞ்சோதி பண்டார் பாரு வழியாக வரும்போது ஒரு பை நிறைய நண்டுக் கொடுக்கு வாங்கி வந்தான். அந்தப் பசாரில் ஒரு சீனர், கால் உதிர்ந்த நண்டுகளின் கொடுக்குகளைத் தனியாகக் குவித்து விற்பார். பையை அக்காவின் முன்னால் வைத்தான்.

"அக்கா, ஒன் கையால நண்டு சாப்புட்டு எவ்ளோ வருஷமாச்சி தெரியுமா? ஈஸ்வரிக்கு இதெல்லாம் கழுவவே வராது."

யோகேஸ்வரிக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அன்றுதான் நவமணி முதன்முறையாக அந்த வீட்டு அடுப்படியில் சொந்தமாக ஒரு சட்டியை எடுத்து வைத்தாள். மிளகையும் சோம்பையும் எங்கே வைத்திருக்கிறாய் என்று அதட்டிக் கேட்டாள். சமைத்து முடித்துத் தானே எல்லாருக்கும் பரிமாறி, பிறகு மேசையில் தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் நண்டுப் பெரட்டல் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தவள் மெல்ல மெல்ல மற்ற நாட்களிலும் உட்காரப் பழகினாள்.

மூன்று வருஷம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்டு சாப்பிட்ட அரைமணி நேரத்தில் பரஞ்சோதியின் உதடுகள் தடித்து வீங்கின. கண்ணிமை மூடிக்கொண்டது. நவமணி சாப்பிட்ட கையோடு கடைக்குப் போயிருந்தாள். கணவனைக் கிளினிக்குக்கு யோகேஸ்வரிதான் கூட்டிக்கொண்டு போனாள். ஊசி போட்ட டாக்டர், இனிமேல் நண்டும் எறாவும் ஆகாது, அடுத்த தடவை தொண்டை அடைத்துக்கொள்ளலாம் என்றார்.

திரும்பி வரும்போது காடியிலேயே பரஞ்சோதி சொன்னான்: "அக்காட்ட சொல்லாத."

"சொல்லாம எப்படிங்க? அடுத்த வாரமும் செய்வாங்களே."

"செய்யட்டும். எனக்கு ஆவாதுன்னு தெரிஞ்சா அதோட விட்டுருவா. அப்புறம் பழையபடி மூலைல போயி ஒக்காந்துக்குவா. நான் பாத்துக்குறேன். நீ சும்மா இரு."

அவன் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மேசையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொடுக்குகளை எடுத்து ஒவ்வொன்றாக உடைப்பான். சதையை உருவி ஒன்றை மகள் காஞ்சனாவின் தட்டில் வைப்பான், ஒன்றை அக்காவின் தட்டில் வைப்பான். ஓடுகளையெல்லாம் தன் தட்டோரத்தில் குவித்துக்கொள்வான். பார்ப்பவர்களுக்கு அவன்தான் எல்லாவற்றையும் தின்று தீர்த்ததுபோல இருக்கும். "பாரு, எம்புட்டு தின்னுருக்கான்" என்று நவமணி அந்தக் குவியலைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் போய்ப் படுத்தபிறகு பரஞ்சோதி அடுப்படியில் நின்றுகொண்டே, யோகேஸ்வரி எடுத்து வைத்திருக்கும் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, ஒரு பொரித்த முட்டையோடு சாப்பிடுவான். ஓட்டைத் தொட்டதற்கே விரலிடுக்கெல்லாம் தடித்துவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு ஒரு மஞ்சள் மாத்திரையை விழுங்குவான். அந்த மாத்திரை தூக்கம் வரவைக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவன் தூங்கிவிடுவான். யோகேஸ்வரி தனியாக டிவி பார்ப்பாள்.

எட்டு வருஷம் அப்படி.

எட்டாம் நாள் காலையில் நவமணியும் காஞ்சனாவும் பண்டார் பாருவுக்குப் போய்ப் பத்தரைக்கெல்லாம் திரும்பிவிட்டார்கள். சுங்கைப் பட்டாணியில் படிக்கும் காஞ்சனா, அப்பா இறந்த அன்று ஓடிவந்தவள், இன்னும் கல்லூரிக்குத் திரும்பவில்லை. பையைத் தொட்டியில் கவிழ்த்தாள். பெரிய பெரிய கொடுக்குகள், சேற்று நிறத்தில், நுனி மட்டும் கறுத்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சடசடத்தன.

"எல்லாம் அத்தையே ஒண்ணொண்ணா பொறுக்குனாங்கம்மா. அந்த அங்கிளுக்கே பொறும போச்சி."

"தட்டிப் பாத்துதான் எடுக்கணும்," என்றாள் நவமணி. "உள்ள சத இருந்தா கனமா சத்தம் வரும். காலியா இருந்தா கலகலங்கும்."

புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு கொடுக்கின் முட்டியிலும் இருந்த சேற்றைத் தேய்த்தாள். மஞ்சள்தூள் போட்டு அலசினாள். பிறகு ஒரு துண்டுத் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, இடிகல்லின் குழவியால் மூன்று இடத்தில் மெல்லத் தட்டினாள். ஓட்டில் விரிசல் விழவேண்டும், சதை நசுங்கக்கூடாது. ஐம்பத்தெட்டு வயதில் அவள் கைமுட்டுகள் வீங்கியிருந்தன. பத்துத் தட்டுக்கு ஒரு தரம் குழவியைக் கீழே வைத்து விரல்களை நீவிக்கொண்டாள்.

"குடுங்க அண்ணி, நான் தட்டுறேன்."

"வேணாம். நீ நசுக்கிருவ. வெங்காயத்த உறி."

யோகேஸ்வரி சின்ன வெங்காயம் உரித்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள். கோழியும் ஆட்டிறைச்சியும் பரஞ்சோதியின் பெரியப்பா மகன் முனியாண்டி வீட்டிலிருந்து சமைத்து வரும். சோறும் நண்டும் மட்டும் இங்கே.

நவமணி மிளகு, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் வறுத்து இடித்தாள். குவாலியை அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றி, வெங்காயமும் பூண்டும் கருவேப்பிலையும் போட்டு வதக்கினாள். மசாலாவைக் கொட்டியதும் காரம் கண்ணில் ஏறியது. மூவரும் இருமினார்கள். கொடுக்குகளைப் போட்டுக் கிளறினாள். சேற்று நிறம் மாறி ஓடுகள் செம்மஞ்சளாகச் சிவந்தன. கொஞ்சம் புளித்தண்ணீர் தெளித்து மூடினாள். வேலை முழுவதும் பேசிக்கொண்டேயிருந்தாள். சின்ன வயதில் தோட்டத்து அல்லூர் வாய்க்காலில் தம்பி நண்டு பிடித்தது, அது அவன் கட்டைவிரலைக் கவ்வியது, அவன் அழாமல் நண்டோடு வீட்டுக்கு வந்தது. ஏழு நாளாக அவள் இவ்வளவு பேசியதில்லை.

மூடியைத் திறந்து, குவாலியிலிருந்து நல்ல பெரியதாக நான்கு கொடுக்குகளைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"இது அவன் எலைக்கி. ஒடைக்காம வைக்கணும். அவனுக்கு அவனே ஒடச்சி உறிஞ்சுனாத்தான் ருசி."

யோகேஸ்வரி வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள்.

"என்னா, பேச மாட்டேங்கிற? காலையிலேருந்து மூஞ்சிய தூக்கி வச்சிருக்க. எந்தம்பிக்கு நான் செய்யிறது ஒனக்குப் புடிக்கலயா?"

"அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி."

"இருவத்திரண்டு வருஷம் அவன்கூட வாழ்ந்த. ஒரு நாளு அவனுக்குப் புடிச்சத ஒன் கையால செஞ்சிக் குடுத்துருக்கியா? அவன் வாய்க்கி ருசியா சாப்புட்டதெல்லாம் எங்கையாலதான். மனசாட்சி இருந்தா சொல்லு."

தோலைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு யோகேஸ்வரி நிமிர்ந்தாள். பிறகு பலமுறை அந்தக் கணத்தை நினைத்துப் பார்த்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்திருக்கும். எட்டு வருஷம் மூடிக்கொண்டிருந்தவள்தானே.

"அவரு நண்டு சாப்புட்டு எட்டு வருஷமாச்சி அண்ணி," என்றாள்.

நவமணிக்குப் புரியவில்லை. "என்னா சொல்ற?"

"அவருக்கு ஒத்துக்காது. வாயெல்லாம் வீங்கிரும். டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டாரு. நீங்க செய்யிறத விட்டுருவீங்கன்னு உங்ககிட்ட சொல்லல."

"பொய் சொல்லாத. போன வாரம் எம்பக்கத்துலதான ஒக்காந்து சாப்புட்டான். எம்புட்டு ஓடு கெடந்துச்சி அவன் தட்டுல."

"ஓடுதான் அவரு தட்டுல கெடந்துச்சி. சத உங்க தட்டுலதான இருந்துச்சி."

காஞ்சனா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "அம்மா," என்றாள்.

நவமணி அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அவள் எதையெதையோ சேர்த்துப் பார்க்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. "கையச் சொரிஞ்சிக்கிட்டே இருப்பானே," என்றாள் மெதுவாக. "கேட்டதுக்கு செம்பன முள்ளு குத்திருச்சின்னானே."

"முள்ளு இல்ல."

"அப்ப அந்த ஞாயித்துக்கெழம..." அவள் குரல் மாறியது. "மறுநாள்தான போனான். நான் செஞ்சதத் தின்னுட்டா..."

யோகேஸ்வரி பயந்தது இதற்குத்தான். ஓடிப்போய் நவமணியின் தோளைப் பிடித்தாள்.

"இல்ல அண்ணி. அவரு வாயில வைக்கவே இல்ல. அன்னைக்கும் வைக்கல. அடைப்புன்னு டாக்டர் எழுதியே குடுத்துருக்காரு, நீங்களும் கேட்டீங்கல்ல. நண்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் சாமி மேல சத்தியமா சொல்றேன்."

நவமணி அடுப்பை அணைத்தாள். அகப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். குவாலியில் கொதி அடங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு, நின்றது.

"அப்ப என்னாதான் சாப்புடுவான் ஞாயித்துக்கெழம?"

"ரசம். ஒரு முட்ட பொரிச்சித் தருவேன். நீங்க படுத்தப்புறம் இங்கனயே நின்னுக்கிட்டு சாப்புடுவாரு."

நவமணி, அவன் நின்ற இடம் எது என்று தேடுவதுபோல அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். அழவில்லை. "அதையே வையி ஈஸ்வரி," என்றாள். "நீயே வையி. நான் தொடல."

யோகேஸ்வரி ரசம் வைத்தாள். முட்டையைப் பொரித்தபோது மஞ்சள் கரு உடைந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் உடைந்தது. மூன்றாவது முட்டையைக் காஞ்சனா வாங்கிப் பொரித்தாள்.

சாயங்காலம் முனியாண்டியும் அவர் மனைவியும், பழைய தோட்டத்து ஆட்கள் சிலரும் வந்தார்கள். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, சோறு, கோழி, ஆட்டிறைச்சி, ஒரு டின் பீர், அவன் புகைக்கும் சிகரெட் எல்லாம் வைத்தார்கள். யோகேஸ்வரி ஒரு கிண்ணத்தில் ரசத்தையும், இலையோரத்தில் முட்டையையும் வைத்தாள். முனியாண்டி இலையைப் பார்த்தார்.

"எங்க ஜோதியோட நண்டு? நவமணி, மறந்துட்டியா?"

"நல்ல நண்டு கெடைக்கலண்ணே," என்றாள் நவமணி.

வீடு முழுக்க நண்டுப் பெரட்டலின் மணம் நிறைந்திருந்தது. அவர் மூக்கிலும் அது ஏறியிருக்கத்தான் வேண்டும். சரி சரி என்று தலையாட்டிவிட்டுச் சூடம் ஏற்றினார். கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள், அவன் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. யோகேஸ்வரி மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகியவன், இலைக்கு முன்னால் எப்படி உட்காருவான் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. முனியாண்டியின் மனைவி அவளை அணைத்துக்கொண்டாள்.

குவாலியில் இருந்ததை மறுநாள் காலையில் காஞ்சனா பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்காவிடம் கொடுத்துவிட்டாள். இந்த வீட்டில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. காஞ்சனா கல்லூரிக்குப் போனாள். யோகேஸ்வரி தொழிற்சாலை வேலைக்குத் திரும்பினாள். நவமணி பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். இரண்டு பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் சண்டை எதுவும் இல்லை. நவமணி முன்பைவிட மரியாதையாக நடந்துகொண்டாள். அதுதான் யோகேஸ்வரிக்குத் தாங்கவில்லை. "குளிக்கப் போவட்டா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். டிவியைப் போடச்சொல்லிக் கேட்பதில்லை. மேசையில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். யோகேஸ்வரி சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் அந்தப் பழைய பலகையைப் போட்டு உட்கார்ந்து, மீன் குழம்பில் வால் துண்டை எடுத்துக்கொண்டாள்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது யோகேஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை, "மேசைக்கி வாங்க அண்ணி" என்றாள். "இங்கனயே காத்து நல்லா வருது" என்றாள் நவமணி. அடுப்படியில் ஜன்னல்கூட ஒழுங்காகத் திறக்காது. அன்றிரவு யோகேஸ்வரிக்கு ஒன்று விளங்கியது. அவன் எட்டு வருஷம் கை அரிக்க அரிக்கக் காத்து வைத்திருந்ததைத் தான் ஒரே நிமிஷத்தில் போட்டு உடைத்துவிட்டோம்.

கருமாதி கழிந்து ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கே போகிறேன் என்று சொல்லாமல் காடியை எடுத்துக்கொண்டு பண்டார் பாருவுக்குப் போனாள். இதற்கு முன் அவள் அந்தப் பசாருக்குள் போனதில்லை. கொடுக்குக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சீனரைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. தட்டிப் பார்த்து எடுக்க முயன்றாள். எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. அவளுடைய தடுமாற்றத்தைப் பார்த்து, யாருக்கு வாங்குகிறாய் என்று அவர் மலாயில் கேட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் லோரியில் வந்து வாங்குவாரே, அவருடைய மனைவி நான் என்றாள்.

"ஓ, அபாங் லோரி, நம்ம லோரி அண்ணன். ரொம்ப நாளாக் காணோமே?"

அவர் இறந்துவிட்டார் என்று சொன்னாள். மூன்றாம் ஆளிடம், வேறொரு மொழியில் அதைச் சொல்வது சுலபமாக இருந்தது. சீனர் கையுறையைக் கழற்றி வைத்தார். பிறகு அவள் எடுத்தவற்றைக் கொட்டிவிட்டுத் தானே தட்டித் தட்டிப் பொறுக்கிப் பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்து தொட்டியில் கொட்டியபோது சத்தம் கேட்டு நவமணி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டாள்.

யோகேஸ்வரி தனியாகவே செய்தாள். பிரஷ்ஷால் தேய்த்தாள், ஒரு முள் நகக்கண்ணில் ஏறியது. குழவியால் தட்டினாள், முதல் இரண்டு கொடுக்கும் சப்பையாக நசுங்கின. மிளகை அதிகமாக வறுத்துவிட்டாள். குவாலியில் எல்லாம் கறுப்பாக வந்தது. சோறு போட்டு, இரண்டு தட்டுகளை மேசையில் வைத்துவிட்டு அறைக் கதவைத் தட்டினாள்.

"அண்ணி, சாப்புட வாங்க."

"எனக்கு வேணாம் ஈஸ்வரி. அத இனிமே நான் வாயில வைக்க மாட்டேன். நீ சாப்புடு."

"எனக்குப் புடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் செஞ்சேன். வரலன்னா அப்பிடியே இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் கிரீச்சிட்டது. நவமணி வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். தொடவில்லை.

யோகேஸ்வரி நின்றுகொண்டே பேசினாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அன்னைக்கி நான் அத சொல்லிருக்கக் கூடாது. நீங்க பேசுனதுக்காக மட்டும் சொல்லல அண்ணி. ரொம்ப நாளாவே எனக்கு உள்ளுக்குள்ள இருந்துச்சி. இருவத்திரண்டு வருஷத்துல எனக்காக அவரு ஒரு பொய் சொன்னதில்ல. சமையல் நல்லா இல்லன்னா நல்லா இல்லம்பாரு. இந்தப் பொடவ நல்லா இல்லம்பாரு. உங்களுக்காக வாராவாரம் அப்பிடி ஒக்காந்து நடிச்சாரு. எனக்கு அது பொறுக்கல."

நவமணி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"எங்கம்மா செத்தப்ப அவனுக்குப் பன்னண்டு வயசு. நான் அழுறேன்னு அவன் அழல. நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சான். அப்பறம் காச்சல் வந்து படுத்தான். என்கிட்ட அவன் எப்பவுமே நல்லாருக்கேன்னுதான் சொல்லுவான் ஈஸ்வரி. அவனுக்கு எங்க வலிக்கிதுன்னு எனக்குத் தெரிஞ்சதே இல்ல." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "ஒன்கிட்டயாச்சும் சொல்லிருக்கான். அது போதும்னு நெனச்சிக்கிட்டுப் படுத்துக் கெடக்குறேன். ஆனா எட்டு வருஷம் பக்கத்துல ஒக்காந்துருக்கேன். ஒரு தடவ அவன் வாயத் திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். என் தட்டையே பாத்துக்கிட்டு இருந்துருக்கேன்."

யோகேஸ்வரி பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அது பரஞ்சோதி உட்காரும் நாற்காலி. உட்கார்ந்த பிறகுதான் இருவருக்கும் அது தெரிந்தது. எழுந்திருக்கவில்லை.

வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. நவமணி ஒரு கொடுக்கை எடுத்தாள். விரிசல் சரியாக விழாததால் ஓடு திறக்க மறுத்தது. வீங்கிய விரல்களால் நெம்பி, துண்டு துண்டாகப் பிய்த்து, சதைக்குள் ஒட்டியிருந்த ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கித் தட்டோரத்தில் போட்டாள். கொஞ்சம் சதையைச் சோற்றோடு சேர்த்து வாயில் வைத்தாள். மெல்லும்போதே கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கையில் மசாலா என்பதால் துடைக்க முடியவில்லை. அது வழிந்து மோவாயில் நின்றது.

"மொளகு கருகிப்போச்சி," என்றாள்.

"தெரியும்."

"உப்பும் பத்தல."

யோகேஸ்வரி எழுந்துபோய் உப்பை எடுத்துவந்து வைத்தாள். நவமணி கொஞ்சம் தூவிக்கொண்டு அடுத்த கொடுக்கை எடுத்தாள். அன்று அவள் நான்கு கொடுக்குகள் சாப்பிட்டாள். அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள். யோகேஸ்வரி கருகிய மசாலாவைச் சோற்றில் பிசைந்துகொண்டு, அவள் முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.